மூணாவது மாடி மாப்பிள்ளை பேசிய தமிழ்

எங்கள் தெருவில் வாயும் குரலும் பிரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பால் வாங்குகிற நேரத்தில். சாலிகிராமம் வடிவுடையம்மன் தெருவில் பால் பூத் வைத்திருக்கும் சரசக்கா, தையற்கடை ஜெகந்நாதனைப் பார்த்து, "வாங்க சார், இன்னிக்கு என்ன சீக்கிரமே?" என்று கேட்டாள். குரல் அப்படித்தான் கேட்டது. ஆனால் அவளுடைய உதடுகள் அந்த வார்த்தைகளுக்கு அசையாமல் வேறு எதற்கோ அசைந்து, குரல் முடிவதற்கு முன்பே மூடிக்கொண்டன. ஜெகந்நாதன் தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று தலையைத் தட்டிக்கொண்டு, "உங்க ரவிக்கை வெள்ளிக்கிழமை ரெடிக்கா" என்றார். அவருடைய வாயும் அதைச் சொல்லவில்லை.

வேறு தெருவாக இருந்தால் மந்திரிக்க ஆள் கூப்பிட்டிருப்பார்கள், டாக்டரைத் தேடி ஓடியிருப்பார்கள், டிவிக்காரர்கள் வந்து வாசலில் குடை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் தெருவில் யாரும் பதறவில்லை. இங்கே பாதி வீடு டப்பிங் வீடு. ஒருவன் வாய் அசைக்க இன்னொருவன் குரல் கொடுப்பதில்தான் எங்களுக்கு அடுப்பு எரிகிறது. அதனால் ஒருத்தரை ஒருத்தர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "லிப் உட்காரலையே" என்று மட்டும் சொல்லிவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

இது வெறும் லிப் கோளாறு இல்லை என்று கண்டுபிடித்தவள் மங்கையர்க்கரசி. நாங்கள் அரசி என்றுதான் கூப்பிடுவோம், முழுப்பெயரையும் கூப்பிட்டு முடிப்பதற்குள் அவள் தெருமுனை தாண்டியிருப்பாள். முப்பத்துமூன்று வயது, வேகமான நடை. வேற்று மொழித் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது தொழில். துருக்கிக்காரனோ கொரியாக்காரனோ எவன் வாயைத் திறந்தாலும் அவன் உதடு எப்போது குவிகிறது, எப்போது ஒட்டுகிறது என்று பார்த்து அந்த அசைவுக்குள் தமிழை உட்கார வைக்க வேண்டும். பதினோரு வருஷம் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததில், சத்தமே இல்லாமல் யார் என்ன சொன்னாலும் அவளுக்குப் புரிந்துவிடும். மறுநாள் காலை பால் பூத்தில் அவள் கேட்டாள்.

"சரசக்கா, நீங்க இப்ப என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொன்னேன், நல்லா இருக்கியாம்மான்னு கேட்டேன்."

"வாய் அதைச் சொல்லலைக்கா. 'இந்தப் பொண்ணு ஏன் இப்படி எளைச்சுப் போச்சு'ன்னு சொல்லிச்சு."

சரசக்கா முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். தெருவில் மூடப்பட்ட முதல் வாய் அதுதான்.

விஷயம் மதியத்துக்குள் பரவிவிட்டது. குரல் சொல்வது மரியாதைக்கு, வாய் சொல்வது மனசில் இருப்பது. ஜெகந்நாதனின் குரல் "வெள்ளிக்கிழமை ரெடி" என்றபோது வாய் "இன்னும் துணியே வெட்டலை" என்றிருக்கிறது. பக்கத்து வீட்டு வடையைக் கடித்து "அருமை" என்ற குரல்களுக்கு அடியில் "உப்பு" என்ற வாய்களும், பத்திரிகை வைக்க வந்தவர்களிடம் "குடும்பத்தோட வந்துடறோம்" என்ற குரல்களுக்கு அடியில் "யாரு இவங்க" என்ற வாய்களும் இருந்திருக்கின்றன. தெருவுக்குள் வந்த கூரியர் பையனையும் அது பிடித்தது, மெயின் ரோடு திரும்பியதும் விட்டுவிட்டது. மனசும் பேச்சும் ஒன்றாக இருந்தவர்களுக்கு மட்டும் வாயும் குரலும் ஒட்டியே இருந்தன. ஆனால் அப்படி ஒட்டியிருந்தவர்கள் ரெண்டு வயசுக்கு உட்பட்ட குழந்தைகளும், நாயை விரட்டும்போது சரசக்காவும்தான்.

அதன் பிறகு தெரு பட்ட பாட்டைச் சொன்னால் ஒரு நாள் போதாது. மருந்துக் கடையில் முகமூடி தீர்ந்தது. ஆண்கள் மீசையைக் கீழுதடு வரைக்கும் இறக்கினார்கள். மாமியார்கள் மருமகள்களுக்கு முதுகைக் காட்டியபடி அன்பாகப் பேசினார்கள். ரேஷன் கடைக்காரர் சுவரைப் பார்த்தே "சர்க்கரை வந்ததும் சொல்றேன்" என்றார். ஓட்டுக் கேட்டு வந்த ஒருவர் மைக்கை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசிவிட்டுத் தப்பித்தேன் என்று போனார். முப்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்த ஒரு கணவனும் மனைவியும் மூணு நாள் பேசாமல் இருந்து, நாலாம் நாள் எதிரெதிரே உட்கார்ந்து ஒருத்தர் வாயை ஒருத்தர் பார்த்துப் பேசத் தொடங்கி, சோறு ஆறி, குழம்பு ஆறி, எழுந்திருக்கவே இல்லை. வாய் பார்க்கத் தெரியாதவர்கள் டப்பிங் வீடுகளின் வாசலில் வந்து நின்றார்கள். அரசியிடம்தான் கூட்டம் அதிகம். "என் தம்பி பேசறப்ப கூட வந்து கொஞ்சம் நில்லும்மா" என்று கூட்டிப் போவார்கள். நாலு நாள் போனாள், ஐந்தாம் நாள் மாட்டேன் என்றுவிட்டாள். அவள் பார்த்தவரை யாருடைய வாயிலும் பெரிய துரோகம் எதுவும் இல்லையாம். சின்னச் சின்ன எரிச்சல்தானாம். வெயில், முதுகுவலி, இவன் எப்போ கிளம்புவான், அவ்வளவுதானாம். அதைப் போய்ச் சொல்லிக் குடும்பத்தைப் பிரிப்பானேன் என்றாள்.

எட்டாம் நாள் தெருவே ஒரு வழி கண்டுபிடித்தது. யார் பேசினாலும் அவர்கள் நெற்றியைப் பார்ப்பது. யார் முதலில் தொடங்கினார்கள் என்று தெரியாது, ரெண்டே நாளில் அது நாகரிகம் ஆகிவிட்டது. ஒருவர் பேசும்போது வாயைப் பார்ப்பது அவர் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பது போல அநாகரிகம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். "நெத்தியைப் பாருடா" என்ற அதட்டல் வீட்டுக்கு வீடு கேட்டது. பொட்டு வியாபாரம் கூடிற்று.

எல்லாம் அந்த ஜப்பான் தொடரால் வந்தது என்றார் குலாம் தஸ்தகீர். தெருவின் கிழக்குக் கோடியில் இருக்கும் டப்பிங் ஸ்டுடியோவில் சவுண்ட் இன்ஜினியர், ஐம்பத்தைந்து வயது, காதில் ஹெட்போன் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. அப்போது அங்கே ஒரு ஜப்பானியக் காதல் நகைச்சுவைத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. மங்கா என்று அவர்கள் சொல்லும் படக்கதையிலிருந்து எடுத்தது. குடைக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஹினாகோவுக்குக் கம்பெனி வீடு வேண்டும், கல்யாணமானவர்களுக்குத்தான் வீடு. அவள் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக் தாகெருவைப் பொய்ப் புருஷனாகப் பிடித்துக்கொள்கிறாள். அப்புறம் ரெண்டு பேருக்கும் நிஜமாகவே பிடித்துப்போய், அதைச் சொல்லாமல் பத்து பாகம் இழுக்கிறார்கள். அவன் சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் ரயில் போகும், பூனை குதிக்கும், அவனே ரிப்பேர் பார்த்த லிஃப்ட் நின்றுபோகும். சேனல் அதற்கு 'மூணாவது மாடி மாப்பிள்ளை' என்று பெயர் வைத்து, பார்த்துக்கொள்ளட்டும் என்று மூலப் படக்கதைப் புத்தகங்களையும் ஒரு பெட்டியில் அனுப்பியிருந்தது. அதில் வாய் ஒரு பக்கம் இருக்கும், பேச்சு வெள்ளைக் குமிழுக்குள் இன்னொரு பக்கம் மிதக்கும். "அந்தப் பெட்டியைப் பிரிச்ச மறுநாள்தானேப்பா இது ஆரம்பிச்சது" என்றார் குலாம். இருக்கலாம். யாரும் அதைத் துருவவில்லை, பெட்டியை மட்டும் மூடி பீரோ மேல் வைத்தார்கள்.

தாகெருவுக்குத் தமிழ்க் குரல் டைட்டஸ். தூத்துக்குடிக்காரன், முப்பத்தாறு வயது, மைக்குக்கு முன்னால் நின்றால் எந்த ஊர் என்றே தெரியாத சுத்தமான தமிழ், மைக்கை விட்டு ரெண்டடி நகர்ந்தால் உப்புக்காற்று அடிக்கும். நாலு வருஷமாக அரசி எழுதுவதை அவன் பேசுகிறான். சாயங்காலம் வேலை முடிந்து அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, நாலு வருஷமாக, ஒரு நாள் தவறாமல், அவளிடம் ஒன்று சொல்வான்.

"மேடம், போய்ச் சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுங்க."

அரசியின் வீடு அதே தெருவின் மேற்குக் கோடியில் இருக்கிறது. ஸ்டுடியோ படியில் நின்றால் அவள் வீட்டுப் பால்கனியும் அதில் காயும் துணியும் தெரியும். மொத்தம் இருநூறு அடி தூரம். அதற்கு ஒரு மிஸ்டு கால். அவளும் வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றியதும் போனை எடுத்து ஒரே ஒரு ரிங் விட்டு நிறுத்திவிடுவாள். அதுவரை ஸ்டுடியோ படியிலேயே நிற்கும் டைட்டஸ், போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடப்பான். அவன் அப்பா தோணியில் மாலத்தீவுக்குப் போய், சேர்ந்தாரா இல்லையா என்று நாற்பது நாள் தகவல் இல்லாமல் வீடே உலை வைக்காமல் கிடந்ததாக ஒருமுறை குலாமிடம் சொல்லியிருக்கிறான். அந்தப் பழக்கம் போல என்று அரசி நினைத்தாள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. ஆனால் எங்களை யார் கேட்டார்கள்.

டைட்டஸை அரசிக்குப் பிடித்திருந்தது. சும்மா பிடித்ததல்ல, அவன் பேசப் போகிறான் என்பதற்காகவே வசனத்தைப் பத்துத் தடவை அடித்து எழுதுகிற அளவுக்குப் பிடித்திருந்தது. அவன் மனசில் என்ன என்றுதான் தெரியவில்லை. இந்த நேரம் பார்த்து ஓசூரிலிருந்து அவளுக்கு ஒரு வரன் வந்தது. அண்ணன் பார்த்த இடம், நல்ல வேலை, நல்ல குடும்பம், வெள்ளிக்கிழமை காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். டைட்டஸோ, தங்கச்சி பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்று, வாயும் குரலும் பிரிவதற்கு முதல் நாள்தான் ஊருக்குப் போயிருந்தான். வியாழக்கிழமை திரும்புகிறான். அரசிக்கு இதைவிட நல்ல காலம் வாய்க்காது. அவன் தெருவுக்குள் வந்து, குரலில் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். வாய் உண்மையைச் சொல்லிவிடும். படிக்கத் தெரிந்தவள் அவள். அவன் வாயில் ஒரு வார்த்தை இருந்தால் ஓசூர் வேண்டாம், இல்லை என்றால் ஓசூர். பத்து நாளும் அவள் இதையே நினைத்துக்கொண்டிருந்ததில், கடைசிப் பாகத்தின் கடைசிக் காட்சிக்கு வசனம் எழுத வரவில்லை.

அந்தக் காட்சியில் ரயில் இல்லை, பூனை இல்லை, லிஃப்ட் இல்லை. ஹினாகோ வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறாள், பிளாட்பாரத்தில் தாகெரு நிற்கிறான், கேமரா அவன் முகத்துக்குக் கிட்டே வந்து திரை முழுக்க வாயாகிறது, அவன் பேசுகிறான். மொழிபெயர்ப்புத் தாளில் 'எனக்கு உன்னைப் பிடிக்கும்' என்று இருந்தது. அது அவன் வாய்க்கு உட்காரவில்லை. சேனல் பெண்மணி 'ஐ லவ் யூ' போடச் சொன்னாள். அது முடிந்த பிறகும் அவன் வாய் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. பதினாலு விதம் எழுதிப் பார்த்து அரசி பதினாலையும் கிழித்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு டைட்டஸ் தூத்துக்குடி மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தான். வாசலிலேயே குலாம் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, தெருவுல இப்ப ஒரு மரியாதை இருக்கு. யார் பேசினாலும் நெத்தியைப் பாக்கணும். வாயைப் பாத்தா தப்பு. பொம்பளைங்க வாயைப் பாத்தா ரொம்பத் தப்பு."

"சரிண்ணே" என்றான் டைட்டஸ். ஏன் என்று கேட்கவில்லை. அவன் அப்படித்தான்.

அரசி குலாமின் ஒலிப்பதிவுக் கன்சோல் அறையில் இருந்தாள். டைட்டஸ் உள்ளே வந்து பொட்டலத்தை மேஜையில் வைத்தான். அவள் தெருவின் மரியாதையை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு அவன் வாயையே பார்த்தாள்.

"நல்லா இருக்கியளா மேடம்?" என்றான் அவன். குரலும் வாயும் ஒட்டியிருந்தன.

"இருக்கேன்."

"அம்மாவுக்குக் கால்வலி எப்பிடி இருக்கு?" ஒட்டியிருந்தது. "தங்கச்சி பிள்ளைக்கு நல்லபடியா முடிஞ்சுது, ஒங்களுக்குத்தான் மக்ரூன், தனியா வச்சுக்கிடுங்க." ஒட்டியிருந்தது. ஒரு சுழிப்புக்கூட மீறவில்லை. பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு லிப் அவள் பார்த்ததில்லை.

"எனக்கு ஓசூர்ல மாப்பிள்ளை பாத்திருக்காங்க" என்றாள் அரசி. "நாளைக்குப் பதில் சொல்லணும். நல்ல இடம்தான்."

அவள் குரல்தான் 'நல்ல இடம்தான்' என்றது. அவள் வாய் 'ஏதாவது சொல்லேன், எதுவாவது சொல்லித் தொலையேன்' என்றது. டைட்டஸும் வாய் பார்த்துப் பிழைக்கிறவன்தான். ஒரு தடவை கண்ணைத் தாழ்த்தியிருந்தால் முழுசும் படித்திருப்பான். ஆனால் குலாம் அண்ணன் சொல்லியிருந்தாரே. அவன் அவள் பொட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம், "மாப்பிள்ளை குணமானவரா?" என்று கேட்டான். ஒட்டியிருந்தது. அவள் தெரியாது என்றாள்.

"மேகமா இருக்கு, மழைக்கு முன்னால கெளம்புங்க. போய்ச் சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுங்க."

அதுவும் ஒட்டியிருந்தது. ஊரில் உள்ள வாயெல்லாம் எதையோ மறைக்கிறது, மறைக்க ஒன்றுமே இல்லாத ஒரே வாய் இவனுடையதா? அவள் பையை எடுத்துக்கொண்டு இருநூறு அடியும் யார் நெற்றியையும் பார்க்காமல் நடந்தாள். வீட்டுக்குள் போய்ச் செருப்பைக் கழற்றினாள். நாலு வருஷத்தில் முதல் தடவையாகப் போனைத் தொடவில்லை.

"நாளைக்கு அண்ணன்கிட்ட சரின்னு சொல்லிடும்மா" என்றாள் அம்மாவிடம்.

அம்மா பேச்சியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நல்லது. ஓசூர் நல்ல ஊராம்டி, வெயிலே தெரியாதாம்" என்றாள். மூணு நாளாக அம்மாவின் நெற்றியையே பார்த்துப் பேசிய அரசி, அன்றைக்கு இருந்த மனநிலையில் மறந்துபோய் வாயைப் பார்த்துவிட்டாள். 'நான் இங்க தனியா எப்படிடி இருப்பேன்' என்றது வாய். அரசி அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து கீரையில் பாதியை இழுத்துக்கொண்டாள். ரெண்டு பேரும் ஒரே கட்டைத் திரும்பத் திரும்ப ஆய்ந்தார்கள்.

ஆறேகால் ஆயிற்று. ஆறரை ஆயிற்று. ஸ்டுடியோ படியில் டைட்டஸ் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவள் வீட்டில் விளக்கு எரிவது தெரிந்தது, அவள் உள்ளே போனதைக் கண்ணாலேயே பார்த்தான், அப்படியும் நின்றான். அவன் பஸ் போனது, அடுத்த பஸ்ஸும் போனது. தூறல் போட்டது. சரசக்கா பூத்தை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெகந்நாதன் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு தலை தெரிந்தது. ஏழு மணிக்கு டைட்டஸ் படியை விட்டு இறங்கி, இருநூறு அடியையும் நடந்து, அவள் பால்கனிக்குக் கீழே வந்து நின்றான். "அரசி, கொஞ்சம் வெளிய வந்துதான் பாரேன்" என்று சத்தம் போட்டவள் சரசக்கா.

அரசி கீரைக் கையோடு பால்கனிக்கு வந்தாள். நனைந்துபோய் நின்றவன் அண்ணாந்து அவள் நெற்றியைப் பார்த்துக் கேட்டான்.

"போய்ச் சேந்துட்டியளா?"

வாயும் குரலும் ஒன்றாகவே இருந்தன. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எல்லார் வாயிலும் அவர்கள் சொல்லாததைத் தேடித் தேடிப் பழகிவிட்டாள். இவன் சொல்லாமல் வைத்ததே கிடையாது. நாலு வருஷம், ஞாயிறு தவிர எல்லா நாளும், முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்கிறான். சொல்லி முடித்தவன் வாயில் மிச்சத்தைத் தேடினால் எங்கே இருக்கும். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"டைட்டஸ், நெத்தியைப் பாக்காதீங்க" என்றாள்.

"மரியாத இல்லயே மேடம். குலாம் அண்ணன் சொன்னாவ."

"நான் சொல்றேன், பாருங்க."

அவன் கண்ணை ரெண்டு அங்குலம் கீழே இறக்கினான். அரசி வேண்டுமென்றே, குரலை ஒரு இழுப்பு இழுத்து, "நாளைக்கு ஓசூருக்குச் சரின்னு சொல்லப் போறேன்" என்றாள். அவள் வாய் வேறொன்று சொன்னது. தெருவே பால்கனியைப் பார்த்து நின்றது, டப்பிங் வீட்டுக்காரர்கள் அத்தனை பேரும் அதைப் படித்தார்கள். வாய் படிக்கத் தெரியாத சரசக்கா, "என்னய்யா சொல்லுது அந்தப் பொண்ணு, சொல்லேன்" என்று, இந்தப் பத்து நாளில் வாய் படிக்கப் பழகிவிட்ட ஜெகந்நாதனைப் பிடித்து உலுக்கினாள். அவர் காது வரைக்கும் சிவந்து, "அதெல்லாம் சத்தமா சொல்ற விஷயம் இல்லைக்கா" என்று கடைக்குள் போய்விட்டார். நாங்களும் அதை இங்கே எழுதப் போவதில்லை.

டைட்டஸ் அதை ஒரு தடவை படித்து, சந்தேகம் வந்து, "ஒன் மோர் மேடம்" என்றான். அவள் இன்னொரு தடவை சொன்னாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மழையா வேறெதுவுமா என்று தெரியவில்லை.

"அப்ப மிஸ்டு கால்?" என்றான்.

அரசி உள்ளே போய்ப் போனை எடுத்து வந்து ஒரு ரிங் விட்டு நிறுத்தினாள். அவன் கையில் இருந்த போன் அடித்து நின்றது. அவன் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சரி, வாரேன்" என்று பஸ்ஸுக்கு நடக்கத் தொடங்கினான். பழக்கம்.

"எங்கடி போறாரு? மேல வரச் சொல்லு, நனைஞ்சு போயிருக்காரு, காப்பி போடறேன்" என்றாள் பின்னால் வந்து நின்ற பேச்சியம்மாள். பத்து நாளில் முதல் தடவையாக அம்மாவின் குரலும் வாயும் ஒட்டியிருந்தன. அடுத்த நிமிஷமே பிரிந்துவிட்டன. "அவங்க ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவங்களாச்சேடி" என்றது குரல்; 'இந்த வீட்டுலயே இருப்பீங்கல்ல' என்றது வாய். அரசி வாய்க்குப் பதில் சொன்னாள். "இங்கதாம்மா இருப்போம்."

வெள்ளிக்கிழமை காலையில் அரசி ஓசூருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டாள். அண்ணன் கத்தினான், போனில் வாய் தெரியாது என்பதால் அவன் மனசில் என்ன இருந்ததோ தெரியவில்லை. பத்து மணிக்கு அவள் ஸ்டுடியோவில் பதினைந்தாவது தாளை டைட்டஸிடம் நீட்டினாள். அவன் படித்துவிட்டு மைக்கிடம் போனான். திரையில் டோக்கியோவின் பிளாட்பாரம், புறப்பட நிற்கும் ரயில், கதவோரத்தில் ஹினாகோ. கேமரா கிட்டே வந்தது. தாகெரு வாயைத் திறந்தான். டைட்டஸ், நாலு வருஷத்தில் முதல் தடவையாக மைக்குக்கு முன்னாலும் ஊர்த் தமிழில், அவனுக்காகப் பேசினான்.

"போய்ச் சேந்ததும் ஒரு மிஸ்டு கால் குடு."

ஜப்பான்காரன் உதடு முதல் எழுத்தில் இருந்து கடைசி எழுத்து வரை அதையே சொன்னது. குலாம் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். "ஓகே டேக்" என்றார். அவர் வாயும் ஓகே என்றது, அது இன்னும் அபூர்வம்.

சேனல் பெண்மணி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "ஜப்பான்ல ஏதுங்க மிஸ்டு கால்?" என்று கேட்டாள்.

"ஜப்பான்ல ஏதும்மா தமிழ்?" என்றார் குலாம்.

அது அப்படியே போயிற்று. வாயும் குரலும் மறுபடி எப்போது சேர்ந்தன என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் தெரியாது. எல்லாரும் நெற்றியையே பார்த்துப் பேசிப் பழகிவிட்டதால் சேர்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஜெகந்நாதன் மட்டும், ரவிக்கை எப்போது என்று கேட்டால், வெட்டவில்லை என்று உண்மையைச் சொல்கிறார். இப்போது அவரிடம் துணி கொடுக்க வரிசை நிற்கிறது.

கடைசிப் பாகம் ஒளிபரப்பான சாயங்காலம் தெருவே டிவிக்கு முன்னால் இருந்தது. தாகெரு அதைச் சொன்னான், ரயில் போயிற்று, பாட்டு வந்தது, முடிந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு மூணாவது வீட்டில் ஒரு போன் ஒரு தடவை அடித்து நின்றது. எதிர் மாடியில் ஒன்று அடித்து நின்றது. சரசக்காவின் பூத்தில், அபுதாபியிலிருந்து மகன் எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் கூப்பிடுவான், அன்று வியாழன், ஒன்று அடித்து நின்றது. தெரு முழுக்க, அதைத் தாண்டி மெயின் ரோடு, அதைத் தாண்டி எங்கெங்கோ, ஒவ்வொன்றாக அடித்து அடித்து நின்றன. எதையும் யாரும் எடுக்கவில்லை, எடுக்க வேண்டியதும் இல்லை.

அரசி வீட்டில் மட்டும் போன் அடிக்கவில்லை. அங்கே வர வேண்டியவர் வந்து சேர்ந்து, செருப்பைக் கழற்றி விட்டு, பேச்சியம்மாளுக்கு எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.